மரமில்லா மலை + நீரில்லா ஆறு = ஒரே கணக்கு!

வேலூர்க்காரர்களைக் கலாய்க்க ஒரு பழைய லிஸ்ட் இருக்கிறது. ஹாஸ்டலில் வேலூர்ப் பையன் யாராவது ரூம்மேட்டாக வாய்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். 'நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லா கோட்டை, சாமியில்லா கோயில்...' என்று அது பாட்டுக்கு நீளும். ஆளுக்கு ஆள் ரெண்டு ஐட்டம் கூடக் குறைய இருக்கும். ஆனால், இந்த நாலும் எப்பவும் பர்மனென்ட்!

இதில் சாமியில்லா கோயிலை 1981-லேயே லிஸ்ட்டிலிருந்து அடித்துவிட்டார்கள். நீண்ட காலம் மூலவர் இல்லாமல் கிடந்த கோட்டைக் கோயிலுக்குள் அந்த வருஷம் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். அரசன் இல்லையா? ஜனநாயக நாட்டில் அதெல்லாம் ஒரு குறையா பாஸ்! ஆக, பாக்கி இருப்பது ரெண்டே ரெண்டு. ஆறும் மலையும்.

கிண்டல் செய்தவர்கள் இதை ரெண்டு தனித்தனி ஜோக்காகச் சொன்னார்கள். நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும், ரெண்டும் ஒரே ஜோக்தான். அதுவும் சிரிக்கிற மாதிரியான ஜோக் இல்லை.

அதனால, இந்த வாரம் ஊட்டியும் வேண்டாம், கொடைக்கானலும் வேண்டாம். பாலாறு போகலாம் வாங்க. ரூட் ரொம்ப சிம்பிள். வேலூரை நடுவில் வையுங்கள். மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் ஆம்பூர். கிழக்கே சுமார் 25 கிலோமீட்டரில் ராணிப்பேட்டை. தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் அமிர்தி காடு. முன்பு எல்லாமே ஒரே வேலூர் மாவட்டம். 2019-ல் மூன்றாகப் பிரித்த பிறகு ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில், ராணிப்பேட்டை தனி மாவட்டம். மாவட்டத்தை எத்தனையாகப் பிரித்தாலும் ஆறு என்னவோ ஒன்றுதான்!

முதல் ஸ்டாப்: பாலத்தில் இறங்குங்க

காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி வேலூர் டவுன் பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு நீளமான பாலம் வரும். கீழே எட்டிப் பாருங்கள். அகலத்தைப் பார்த்தால் 'காவிரிக்கே அண்ணனோ' என்று தோன்றும். உள்ளே இருப்பது மணலும் சீமைக் கருவேல முள்ளும்தான். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் இதுதான் காட்சி.

கர்நாடகாவில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது பாலாறு. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் கர்நாடகாவில் 93, ஆந்திராவில் 33, மிச்சம் 222 கிலோமீட்டர் நம்ம தமிழ்நாட்டில். கல்பாக்கம் பக்கத்தில் வயலூரில் கடலைத் தொடுகிறது. பெரும்பகுதி நம்மிடம் இருந்தாலும் குழாயின் வாய் மேலே இருப்பவர்கள் கையில். கர்நாடகாவில் பேத்தமங்கலம் ஏரி பாலாற்றுத் தண்ணீரைத்தான் பிடித்து வைக்கிறது. ஒரு காலத்தில் கோலார் தங்கவயலுக்கே அதுதான் குடிநீர். 1892-ல் மெட்ராஸ் மாகாணமும் மைசூரும் போட்ட ஒப்பந்தத்தில் பாலாறும் உண்டு. ஆந்திரா குப்பம் பக்கத்தில் அணை கட்டக் கிளம்பியபோது, தமிழ்நாடு 2006-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2016-ல் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் புல்லூர் தடுப்பணையின் உயரத்தை ஆந்திரா கூட்டியதும் மறுபடி சண்டை.

'அப்போ தப்பு முழுக்க அவங்க மேலதானா?' என்று கேட்காதீங்க. கொஞ்சம் பொறுங்க.

பாலாற்றை மேலே ஓடும் ஆறு என்று நினைத்தால் அதைப் புரிந்துகொள்ளவே முடியாது. இது மணலுக்கு அடியில் ஓடும் ஆறு. மழைத் தண்ணீரை ஆற்று மணல் ஸ்பாஞ்ச் மாதிரி குடித்து வைத்துக்கொள்ளும். கோடையில் அதைத் தோண்டி எடுத்துக்கொள்ளலாம். கரையோர ஊர்களில் பெரியவர்கள் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "எங்க காலத்துல கையால மணலைப் பறிச்சாலே ஊத்து வரும்பா. குடத்துல மொண்டுக்கினு வருவோம்" என்பார்கள். ஊற்றுக்கால்வாய் என்றே ஒரு பாசன முறை இங்கே இருந்தது. ஆற்று மணலில் நீளமாகக் கால்வாய் வெட்டி, அதில் சுரக்கும் தண்ணீரை ஏரிக்கும் வயலுக்கும் கொண்டுபோவார்கள். வேலூர் உட்பட பல ஊர்களுக்குக் குடிநீர் கொடுத்ததும் ஆற்று மணலுக்குள் இறக்கிய கிணறுகள்தான்.

இந்த ஸ்பாஞ்ச்சை லாரி லாரியாக அள்ளி வீடு கட்டினோம். ஸ்பாஞ்ச் போனால் தண்ணீர் எங்கே நிற்கும்? மழை வந்தால் நேராகக் கடலுக்குத்தான். 2021 நவம்பர் நினைவிருக்கிறதா? வாலாஜா பக்கம் இருக்கிற பாலாறு அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் போனது. 1903-ல் வாணியம்பாடியைச் சூறையாடிய வெள்ளத்தோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். 'நீரில்லா ஆறு' அன்றைக்கு ஊரையே மிரட்டியது. ஆனாலும் அத்தனை தண்ணீரையும் பிடித்து வைக்க இடம் இல்லை!

ரெண்டாவது ஸ்டாப்: ஆம்பூர்... பிரியாணி, ஷூ, அந்த வாசனை

ஆம்பூர் என்றதும் நாக்கில் எச்சில் ஊறுகிறதா? ஊறட்டும், தப்பில்லை. சீரக சம்பா பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் ஒரு வெட்டு வெட்டிவிட்டு வெளியே வாருங்கள். காற்று ஒரு பக்கமாக வீசும்போது இன்னொரு வாசனை வரும். மூக்கைப் பொத்திக்கொள்ளாதீர்கள். ஊர் சாப்பிடுகிற சோறு அந்த வாசனையிலிருந்துதான் வருகிறது.

காலையில் ஷிஃப்ட் நேரத்துக்கு ஹைவே ஓரம் நின்று பாருங்கள். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். உள்ளே பெரும்பாலும் பெண்கள். ஷூ கம்பெனிகளில் தைப்பது, ஒட்டுவது, பேக் செய்வது என்று நிறைய வேலை அவர்கள் கையில்தான். அங்கே தைத்த ஷூ ஐரோப்பாவில் யாரோ ஒருவர் காலில் நடக்கிறது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு நீங்கள் போட்டுக்கொள்ளும் பளபள ஃபார்மல் ஷூவுக்கும் இந்த பெல்ட்டில் எங்கேயோ ஒரு சொந்தக்காரர் இருக்கலாம். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று ஆற்றையொட்டியே தொழில் படர்ந்திருக்கிறது. தோலைப் பதம் செய்யத் தண்ணீர் வேண்டுமே!

ஆக, 'எல்லாத்தையும் இழுத்து மூடு' என்று சொல்வது சுலபம். அந்த பஸ்ஸில் இருப்பவர்களிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

ஆவாரம்பூ டு குரோம்

பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வாசலில் செருகுவோமே, மஞ்சள் நிற ஆவாரம்பூ... அந்தச் செடிக்கும் இந்த ஊர் ஷூவுக்கும் ஒரு ஃப்ளாஷ்பேக் உண்டு.

அந்தக் காலத்துத் தோல் ஷாப்புகளில் பதம் செய்ய உதவியது ஆவாரம் பட்டையும் கடுக்காயும். வறண்ட குன்றுகளில், புதர்க்காட்டில் தானாக வளர்கிற ஆவாரையின் பட்டையில் இருக்கும் துவர்ப்புதான் தோலை அழுகாமல் காப்பாற்றும். 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது இந்தச் சரக்குதான். இன்றைக்கு அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும். காடு, தோல், ஆறு மூன்றும் ஒரே வீட்டு ஆட்கள் மாதிரி இருந்த காலம். அதுக்காகப் பழைய முறை பரிசுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டை உரித்தால் செடிக்கும் வலிதான். கழிவும் உப்பும் அப்போதும் உண்டு. அளவும் வேகமும்தான் கம்மி.

1972-ல் சீதாராமையா கமிட்டி, 'அரைகுறையாகப் பதம் செய்த தோலை ஏற்றுமதி பண்ணாதீங்க, முழுசா ஃபினிஷ் பண்ணி அனுப்புங்க, நாட்டுக்கு லாபம்' என்று சொன்னது. மத்திய அரசு அந்தப் பாதையில் போனது. நாட்டுக்கு டாலர் வந்தது, ஊருக்கு வேலை வந்தது. கூடவே குரோம் வேகமாகப் பரவியது. டிரம்மில் தோலையும் குரோமியம் உப்பையும் போட்டுச் சுற்றினால், வாரக்கணக்கில் நடந்த வேலை சுமார் ஒரு நாளில் முடிந்துவிடும்! வெளியே வரும் தோல் வெளிர் நீலமாக இருக்கும். 'வெட் ப்ளூ' என்பார்கள். காட்டை நம்பியிருந்த தொழில், கெமிக்கல் பேரலை நம்ப ஆரம்பித்தது. ஆனால் தண்ணீருக்கு மட்டும் ஆற்றையே நம்பியது.

எவ்வளவு தண்ணீர்? ஒரு கிலோ தோலுக்கு சுமார் 35 லிட்டர் என்கிறது சுப்ரீம் கோர்ட்டின் 1996-ஆம் ஆண்டு தீர்ப்பு. 20 கிலோ தோல் என்றால் 700 லிட்டர். குரோம் முறையில் சுமார் 170 வகை கெமிக்கல்கள் பயன்படுகின்றன என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

உப்புக்கு எக்ஸ்பயரி டேட் கிடையாது!

குரோமியம் என்ற பெயரைக் கேட்டாலே பயமாக இருக்கும். நியாயம்தான். ஆனால், இங்கே நிலத்தைச் சத்தமில்லாமல் சாப்பிட்ட வில்லன் வேறு ஒருத்தன். நம்ம சமையலறை உப்பு!

உரித்த தோல் ஷாப்புக்கு வந்து சேர்வதற்குள் அழுகிவிடாமல் இருக்க உப்பைக் கொட்டி வைப்பார்கள். ஒரு கிலோ தோலுக்கு 300, 400 கிராம் வரை. ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலையே ஊறப்போட்டு அந்த உப்பைக் கழுவி எடுப்பது. அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து ஏரிக்கு, ஏரியிலிருந்து ஆற்றுக்கு. மற்ற கழிவாவது நாளாக ஆக மக்கும், சிதையும். உப்பு எங்கேயும் போகாது. தண்ணீரில் கரைந்து மண்ணுக்குள் இறங்கி, கிணற்றில் உட்கார்ந்துகொள்ளும். விவசாயி அந்தக் கிணற்றிலிருந்தே இறைத்துப் பாய்ச்சுவார். வெயில் தண்ணீரைக் குடித்துவிடும், உப்பை வயலிலேயே விட்டுவிடும். மறுபடி பாய்ச்சல், மறுபடி உப்பு. நெல் கருகும். தென்னையில் காய் குறையும்.

முன்னாடி சொன்ன ஸ்பாஞ்ச் ஞாபகம் இருக்கிறதா? நல்ல தண்ணீரைப் பிடித்து வைக்கிற அதே மண், கெட்ட தண்ணீரையும் விசுவாசமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதுதான் சிக்கலே. நல்ல மழை பெய்து, நல்ல தண்ணீர் திரும்பத் திரும்ப உள்ளே இறங்கினால்தான் இந்த உப்பு நீர்த்துப்போகும். அந்த நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும்? ஒரு பாதி மேல் மாநிலங்களிலிருந்து. மறு பாதி, இதோ ஆம்பூரிலிருந்து அண்ணாந்து பார்த்தாலே தெரிகிற மலைகளிலிருந்து. அங்கே கடைசியாகப் போவோம்.

கோர்ட்டுக்குப் போன கிணறு

லா படிக்கிற ஃப்ரெண்ட்ஸ் யாராவது பக்கத்தில் இருந்தால், 'வெல்லூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்' என்று சொல்லிப் பாருங்கள். டக்கென்று 1996 என்பார்கள். சிலபஸில் வரும் கேஸ்!

தோல் கழிவை எதிர்த்து 1991-ல் சுப்ரீம் கோர்ட்டில் போட்ட பொதுநல வழக்கு அது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்ச் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு சொன்னது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கொடுத்த கணக்குப்படி, தோல் தொழில் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போயிருந்தது. அப்போது நாட்டின் ஃபினிஷ்டு தோல் ஏற்றுமதியில் சுமார் 80 சதவீதம் தமிழ்நாட்டிலிருந்து போனது என்பதையும் கோர்ட் பதிவு செய்தது. டாலர் வருகிறது, வேலை தருகிறது, எல்லாம் சரி. அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்க உரிமை கிடையாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். 'மாசு செய்தவரே செலவையும் ஏற்க வேண்டும்', 'ஆபத்து நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும்' என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று சொன்னதும் இந்தத் தீர்ப்புதான். நாடு முழுக்க எத்தனையோ ஆறுகளுக்காக இன்றைக்கும் வக்கீல்கள் இதைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.

ஒவ்வொரு ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு நிலையம் இல்லாவிட்டால் கதவைச் சாத்து. நஷ்டக் கணக்குப் பார்க்கத் தனி ஆணையம். சூப்பர் கிளைமாக்ஸ் மாதிரி இருக்கிறது இல்லையா? இன்டர்வெல்தான்!

ஆணையம் 2001 மார்ச்சில் கணக்கை முடித்தது. 547 தோல் ஷாப்புகள், 15,000 ஹெக்டேருக்கு மேல் நிலம், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர். இழப்பீடு மொத்தம் சுமார் 26.82 கோடி ரூபாய். பெரிய தொகையாகத் தெரிகிறதா? வகுத்துப் பாருங்கள். சராசரியாகத் தலைக்கு 9,200 ரூபாய்கூட வராது. நிலத்துக்கும் கிணற்றுக்கும் சேர்த்து அதுதான் விலை!

அதற்குப் பிறகும் மாசு நிற்கவில்லை, இழப்பீடு எல்லோருக்கும் வந்து சேரவில்லை என்று வழக்கு நீண்டது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் பெஞ்ச் மறுபடி ஒரு தீர்ப்பு கொடுத்தது. பாக்கி இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் அரசு கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். பாலாற்றைச் சீர்செய்ய ஒரு குழு அமைக்க வேண்டும். வழக்கை முடித்துவைக்காமல் தொடர்ந்து கண்காணிப்போம் என்றும் கோர்ட் சொன்னது. 1991-ல் 18 வயதில் ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்த ஒரு விவசாயி மகனுக்கு, இந்தத் தீர்ப்பு வரும்போது 52 வயது.

நடுவில் நல்லதும் நடந்திருக்கிறது. அதையும் சொல்லணும். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டையில் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பிறகு ஒரு சொட்டுக் கழிவு நீரும் வெளியே போகக் கூடாது என்ற ஏற்பாடு. கழிவு நீரை ஆர்.ஓ. முறையில் வடிகட்டி ஷாப்புக்கே திருப்பி அனுப்புவது, மிஞ்சும் கரைசலைக் கொதிக்கவைத்து உப்பாக எடுப்பது. சரி, எடுத்த உப்பை என்ன செய்வது? பல ரசாயனம் கலந்த உப்பு அது. குழம்புக்கா போட முடியும்? மூட்டை கட்டிக் குடோனில் அடுக்க வேண்டியதுதான். சென்னையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், உப்பைக் குறைத்துத் தோலைக் காப்பது, தண்ணீரே சேர்க்காமல் குரோம் பதம் செய்வது என்று வழி கண்டுபிடித்ததும் இதனால்தான். கழிவு வந்த பிறகு அதோடு மல்லுக்கட்டுவதைவிட வராமலே தடுப்பது பெட்டர்.

மூன்றாவது ஸ்டாப்: ராணிப்பேட்டையில் ஒரு குட்டி மலை

இப்போ வேலூரைத் தாண்டிக் கிழக்கே. ராணிப்பேட்டையில் மரமில்லா மலை ஒன்று இருக்கிறது. இயற்கை வைத்த மலை இல்லை, நாம் கொட்டி வைத்த மலை! 1970-களில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடிய 'தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்' ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவு. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட உலகின் மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்கள் பட்டியலில், செர்னோபிலோடு சேர்ந்து நம்ம ராணிப்பேட்டையும் இடம்பிடித்தது.

இதே ஊரில் 2015 ஜனவரி 31 அன்று ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் கழிவுச் சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். ஆற்றைக் காப்பாற்றக் கட்டிய இடத்திலேயே ஆள் செத்துப்போனார்கள். சுத்திகரிப்பு என்று போர்டு மாட்டினால் மட்டும் போதாது, அதை யாராவது ஒழுங்காகப் பராமரிக்கவும் வேண்டும்.

'இதெல்லாம் வேலூர்ப் பக்கத்துப் பிரச்னை, நமக்கென்ன' என்று நினைக்கும் சென்னை ஃப்ரெண்ட்ஸ், ஒரு நிமிஷம்! ராணிப்பேட்டையிலிருந்து வாலாஜா கிட்டத்தில்தான். அங்கே 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய பாலாறு அணைக்கட்டு இருக்கிறது. அதிலிருந்து பிரியும் கால்வாய் காவேரிப்பாக்கம் ஏரியை நிரப்பும். அந்த ஏரியின் உபரி நீர் கொசஸ்தலை ஆற்றுக்குப் போகும். கொசஸ்தலை எங்கே போகிறது? பூண்டி ஏரிக்கு. பூண்டி யாருக்கு? உங்களுக்குத்தான். வெள்ளக் காலத்தில் பாலாற்றுத் தண்ணீருக்கும் உங்கள் வீட்டுக் குழாய்க்கும் சொந்தம் உண்டு.

கடைசி ஸ்டாப்: மலைக்குப் போகலாம்

இனிமேல்தான் மனசுக்கு இதமான ஏரியா. வேலூரிலிருந்து தெற்கே கணியம்பாடி வழியாக அமிர்தி. ஜவ்வாது மலை அடிவாரம். சின்ன மிருகக்காட்சி சாலை, மழைக்காலத்தில் அருவி. ஜோடியாக வருபவர்களும் கும்பலாக வருபவர்களும் அருவியைப் பார்த்துவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் அருவியைப் பார்க்காமல் கொஞ்சம் தரையைப் பாருங்கள்.

இது கேரளா மாதிரி பச்சைப்பசேல் காடு இல்லை. கோடையில் இலை உதிர்க்கும் மரங்கள், கீழே முள்ளும் புதரும் புல்லும். 'இதெல்லாம் ஒரு காடா' என்று தோன்றும். ஆனால், ஆற்றுக்குச் சோறு போடுவது இந்தப் புதர்தான். சடசடவென்று கொட்டும் மழையின் வேகத்தை இலை வாங்கிக்கொள்ளும். சருகு தண்ணீரை நிறுத்தி வைக்கும். வேர் போன வழியில் தண்ணீர் மெதுவாக உள்ளே இறங்கும். அப்படி இறங்கியது ஓடையாக, ஊற்றாக மாசக்கணக்கில் கசிந்து வரும். புதர் இல்லாத மொட்டைப் பாறையில் அதே மழை விழுந்தால், ஒரே மணி நேரத்தில் மண்ணையும் அடித்துக்கொண்டு கீழே வந்துவிடும். அன்றைக்கு வெள்ளம், மறுநாள் வறட்சி. இப்போ புரிகிறதா, மரமில்லா மலையும் நீரில்லா ஆறும் ஏன் ஒரே ஜோக் என்று?

வேலூரைச் சுற்றிய மலைகளில் கோடை வந்தால் ராத்திரியில் மாலை போட்ட மாதிரி நெருப்பு வளையம் தெரியும். பார்க்க அழகு. எரிவது ஆற்றின் குடை. ஆவாரையும் அதில்தான் எரிகிறது.

அமிர்திப் பக்கத்து ஓடைகள் சேர்ந்து நாகநதி ஆகிறது. அது செய்யாற்றோடு சேர்ந்து கடைசியில் பாலாற்றுக்கே வரும். பல வருஷம் வறண்டு கிடந்த இந்த நதியில் 2014 வாக்கில் ஒரு வேலை ஆரம்பமானது. வாழும் கலை அமைப்பும் அப்போதைய நூறு நாள் வேலைத் திட்டமும் கைகோத்தன. கடப்பாரையும் மண்வெட்டியும் பிடித்தது கிராமத்துப் பெண்கள், சுமார் 20,000 பேர்! மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் கற்களை அடுக்கி வேகத்தைக் குறைத்தார்கள். ஆற்றுப் படுகையில் செறிவூட்டும் கிணறுகள் தோண்டி, ஓடும் தண்ணீரை பூமிக்குள் இறக்கினார்கள். தண்ணீர் எடுக்கிற கிணறு இல்லை, தண்ணீர் கொடுக்கிற கிணறு! சுற்றுப்பட்டுக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது, நதியில் மறுபடி தண்ணீர் பார்த்தோம் என்று வேலை செய்தவர்கள் சொல்கிறார்கள். இடையில் வந்த நல்ல மழைக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால், மழை பெய்தபோது அதைப் பிடிக்க இடம் ரெடியாக இருந்தது என்பதுதான் பாயின்ட்.

கர்நாடகாவிடம் கேட்க வேண்டியது, ஆந்திராவிடம் கேட்க வேண்டியது, ஷாப்காரர்களிடம் கேட்க வேண்டியது எல்லாம் நிறைய இருக்கிறது. கோர்ட்டில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆனால், இந்த மலைகள் நம்மிடம் இருக்கின்றன. இதில் கல் அடுக்க எந்த மாநிலத்தின் அனுமதியும் வேண்டாம். வனத்துறையோடு சேர்ந்து, முறையாகக் கேட்டுச் செய்தால் போதும்.

போறதா இருந்தா...

சென்னை-ஜோலார்பேட்டை ரயில் பாதையில் வாலாஜா ரோடு, காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாமே ஸ்டேஷன்கள். வேலூரில் தங்கினால் ரெண்டு நாளில் முடித்துவிடலாம். முதல் நாள் பாலமும் ஆம்பூரும். ரெண்டாம் நாள் காலையில் ராணிப்பேட்டை, வாலாஜா. மத்தியானத்துக்கு மேல் அமிர்தி. கழிவு மலைக்குள் ஏறிப் பார்க்கிற ஹீரோயிசம் வேண்டாம், அது விஷம். தோல் ஷாப்புகளுக்குள் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். கெமிஸ்ட்ரி ஸ்டூடன்ட் என்றால் சென்னை ஏ.சி.டெக்கில் லெதர் டெக்னாலஜி என்று ஒரு படிப்பே இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உப்பே இல்லாமல் தோலைக் காக்கும் வழியை யாராவது கண்டுபிடித்து ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டுமே!

இங்கேயே படிக்கிறவர்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா வேலை. வேலூர் ஊரிசு, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம், ஆம்பூர் மஸ்ஹருல் உலூம், வாணியம்பாடி இஸ்லாமியா... ஆற்றை ஒட்டி இத்தனை காலேஜ் இருக்கிறது. கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைச் சொல்லும். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. உங்கள் என்.எஸ்.எஸ். யூனிட் பத்துக் கிணறுகளைத் தேர்ந்தெடுக்கட்டும். கிணற்றுக்காரரிடம், 'ஐயா, மாசம் ஒரு தடவை ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக்கலாமா?' என்று கேளுங்கள். மாசம் ஒரு ரீடிங், நீர்மட்டம் எத்தனை அடி என்று ஒரு குறிப்பு. ஒரு லாங் சைஸ் நோட்டு போதும்.

மூணு வருஷத்தில் நீங்கள் டிகிரி முடித்துப் போய்விடுவீர்கள். உப்பு போகாது. அதனால் அந்த நோட்டை லாக்கரில் பூட்டி வைக்காமல் ஜூனியர்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த முறை யாராவது கலெக்டர் ஆபீசிலோ கோர்ட்டிலோ 'கிணத்துத் தண்ணி எப்படி இருக்கு?' என்று கேட்டால், எடுத்துக் காட்ட ஒரு நோட்டாவது இருக்கும்.